பூஜையில் வைத்த பித்தளைச் சுத்தியல்

வடக்குப்பட்டு,
12.10.2011, புதன்கிழமை

அன்பு மகள் கவியாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீ அங்கே மஸ்கட்டில் சுகமாக இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று எண்ணிக்கொண்டுதான் தொடங்குகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரி வர வேண்டும், எனக்கு எழுத வரவில்லை. தாளின் தலையில் பிள்ளையார் சுழி இல்லாததைப் பார்த்திருப்பாய், அது மறதியில்லை. போன வெள்ளிக்கிழமை நீ போன் செய்தபோது தம்பிக்குக் கண்ணில் தூசி விழுந்து கட்டுப் போட்டிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று அம்மா சொன்னாள். அருள்பாண்டியும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே ஆமாக்கா தூசிதான் என்றான். நானும் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அது தூசியில்லை கவியா, இரும்புச் சில்லு. அவனுக்கு வலது கண்ணில் பார்வை போய்விட்டது, இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலையில் உனக்கு ஒரு போன் வந்து நீ ஹலோ ஹலோ என்றதும் கட்டாகியிருக்குமே, அது நான்தான். ஒரகடம் கூட்ரோட்டு பூத்தில் நின்று போட்டேன், உன் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டேன். நல்ல வேளையாக நம்ம ஊர்த் தளவாய் லீவு முடிந்து நாளைக் காலை விமானத்தில் மஸ்கட் வருகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முழுவதும் படி. கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்கிறேன், அதை நீதான் செய்ய வேண்டும்.

எப்படி ஆயிற்று என்று கேட்பாய். நர்ஸ் வேலை பார்க்கிற உனக்குக் கண்ணைப் பற்றித் தெரியும், சுத்தியலைப் பற்றித் தெரியாது, அதனால் விவரமாகவே எழுதுகிறேன். உனக்கும் அம்மாவுக்கும் சுத்தியல் என்றால் காலண்டர் மாட்ட ஆணி அடிக்கிற ஒரு சாமான். தகட்டை பிரஸ் மிஷினில் அச்சு வைத்து அழுத்திக் கார்ப் பாகம் செய்கிற, நானும் தம்பியும் வேலை பார்க்கிற கம்பெனியில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சுத்தியல் உண்டு. ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் உருண்டை என்று இருப்பது பால்பீன், தட்டைப் பக்கத்தால் உளியை அடிப்போம், உருண்டைப் பக்கத்தால் ரிவெட்டின் தலையைத் தட்டிப் பரப்புவோம். மூக்கு குறுக்கே சப்பையாக இருப்பது கிராஸ்பீன், தகட்டின் ஓரத்தை மடக்கவும் கை நுழையாத சந்தில் தட்டவும் அதுதான் தோது. அசையாத அச்சை அசைக்க இரண்டு கையாலும் தூக்கி அடிக்கிற சம்மட்டி இருக்கிறது. தகட்டில் தழும்பு விழாமல் நெளிவெடுக்க நைலானும் மரமும் இருக்கின்றன. இவ்வளவுக்கும் மேலே பித்தளையும் செம்பும். அச்சுக்குள் இருக்கும் பின்கள் என்கிற உருளை ஆணிகள் சூடேற்றிக் கெட்டிப்படுத்தின எஃகு, அவற்றை இரும்புச் சுத்தியலால் அடிக்கவே கூடாது. சுத்தியலின் முகமும் கெட்டி, பின்னும் கெட்டி, இரண்டில் எதுவும் விட்டுக்கொடுக்காது, ஓரம் சில்லாகத் தெறிக்கும், எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பித்தளை அப்படியில்லை, அடிக்கிறபோது தான் நசுங்கிக்கொள்ளும், பின்னுக்கும் ஒன்றும் ஆகாது, ஆளுக்கும் ஒன்றும் ஆகாது. இது உன் தம்பிக்கு நன்றாகத் தெரியும், தெரியாமல் செய்தான் என்று நினைத்துவிடாதே.

ஆயுத பூஜைக்கு டூல் ரூமில் சாமான்களை அடுக்குவது வருஷா வருஷம் என் பொறுப்பு, ஜம்பமாகத்தான் செய்வேன், அம்மாகூடக் கேலி செய்வாள், வீட்டுக் குத்துவிளக்கை ஒருநாள் தேய்க்கத் துப்பில்லை, கம்பெனிச் சுத்தியலைத் தேய்க்கப் போய்விட்டார் என்பாள். இந்த வருஷமும் பித்தளைச் சுத்தியலையும் செம்புச் சுத்தியலையும் புளி போட்டுத் தேய்த்து, தங்கம் மாதிரி பளபளக்க முன்வரிசையில் வைத்தேன். நைலான், மரம், சம்மட்டி எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் போட்டுப் பின்னால் அடுக்கினேன், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம், மேலே சாமந்தி மாலை. ஒரு பழைய பால்பீன் மட்டும் கையில் மிஞ்சியது, அடித்து அடித்து முகத்தின் ஓரம் விரிந்து அங்கங்கே பிளந்திருந்தது. பின்னமான சாமி சிலையைப் பூஜையில் வைக்க மாட்டோம், அதே போல் பின்னமான ஆயுதத்தையும் வைக்கக் கூடாது என்று சொல்லி அதை பிரஸ் பக்கம் இருந்த ஸ்கிராப் பெட்டியில் நானே போட்டேன். பூஜை முடிந்து பூசணிக்காய் உடைத்துப் பொரி கொடுத்த பிறகு எல்லோரும் கேட்க, நாளைக்குப் புனர்பூஜை முடியுற வரைக்கும் இதுல ஒண்ணைக்கூட ஒருத்தனும் தொடப்படாது என்றேன். சூப்பர்வைசர் ஜோயல் வேதக்காரப் பையன், சர்ச்சுக்குப் போகிறவன், அவன்கூடச் சரிண்ணா என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னான். அருள்பாண்டியின் நெற்றியில் குங்குமத்தை என் கையால்தான் இழுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு குன்றத்தூர் மலைக்குப் போய்விட்டேன். அந்த நேரத்தில் கார்க் கம்பெனியிலிருந்து போன் வந்திருக்கிறது, பாகம் போதவில்லை, காலையில் அவர்கள் லைன் நின்றுவிடும், உடனே பிரஸ்ஸை ஓட்டுங்கள் என்று. லீவு நாளில் யார் இருப்பார்கள், பக்கத்தில் இருக்கிறவர்களை ஜோயல் ஓவர்டைமுக்குக் கூப்பிட்டிருக்கிறான். நம் வீடு கூப்பிடு தூரம், தம்பி போனான். அச்சை மாட்டும்போது ஒரு பின் இறுகிவிட்டது. பித்தளைச் சுத்தியலைத் தேடி டூல் ரூமுக்கு வந்திருக்கிறான். அங்கே பொரிச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்த ஹெல்பர் கொம்பையா என்னிடம் அழுதுகொண்டே சொன்னான், வாசல் வரைக்கும் வந்தாம் அண்ணாச்சி, மாலையோட கெடந்த சுத்தியலப் பாத்தான், கையெடுத்துக் கும்புட்டுட்டு அப்படியே திரும்பிட்டான், நானும் அப்பா சொல்லத் தட்டாத பிள்ளைன்னு நெனச்சிக்கிட்டேன் என்றான். திரும்பினவன் நேரே ஸ்கிராப் பெட்டிக்குப் போயிருக்கிறான். கம்பெனி முழுவதும் பூஜையில் இல்லாத சுத்தியல் அது ஒன்றுதானே. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தானா என்று கேட்பாய், போட்டிருந்தான், வியர்வையில் குங்குமம் கரைந்து கண்ணுக்குள் எரிந்ததாம், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் துடைத்திருக்கிறான், இறக்க மறந்துவிட்டான். பின்னை அடித்தான், சில்லு தெறித்தது. நாங்கள் மலைப்படி இறங்கிக்கொண்டிருந்தபோது ஜோயலிடமிருந்து போன் வந்தது.

ஆஸ்பத்திரியில் நான் போய் நின்றபோது முகத்தில் பாதியை மூடிக் கட்டியிருந்தார்கள். என் குரலைக் கேட்டதும் அவன் வலிக்கிறது என்று சொல்லவில்லை. அப்பா, நான் பூஜையில இருந்ததத் தொடலப்பா என்றான். கவியா, அந்த வார்த்தை அன்றிலிருந்து என்னைத் தின்றுகொண்டிருக்கிறது. தொட்டிருக்கலாமே, மாலையைத் தூக்கி எறிந்துவிட்டு எடுத்திருக்கலாமே, எந்தச் சாமி அதற்காகக் கோபித்துக்கொள்ளப் போகிறது. சிறு வயதில் இரண்டு பேருமே என் பேச்சைக் கேட்காமல் ஆடின ஆட்டம் கொஞ்சமா, கேட்கக் கூடாத ஒரு நாளில் அவன் கேட்டுவிட்டான். சில்லை எடுத்துத் தையல் போட்டுவிட்டார்கள். ஆனால் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பார்வை போன அந்தக் கண்ணை அப்படியே விட்டால் நல்ல கண்ணும் அதைத் தொட்டுக் கெட்டுப்போகிற ஆபத்து இருக்கிறது, எல்லோருக்கும் வராது, வந்தால் தடுப்பது கஷ்டம், அதனால் வருகிற 19-ஆம் தேதி புதன்கிழமைக்குள் அந்தக் கண்ணை எடுத்துவிடுவதுதான் நல்லது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். உனக்கு இது புரியும், எனக்குப் புரியவே ஒரு நாள் ஆயிற்று.

திங்கட்கிழமை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டில் போகிற கன்டெய்னர் லாரிகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். நேற்று டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது டம்ளர் இருக்கிற தூரம் பிடிபடவில்லை, தரையில் ஊற்றிவிட்டான், அவனே துடைத்தான், நான் பார்த்ததைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பதில் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். அம்மா கண்ணை எடுக்கவே கூடாது என்கிறாள். குன்றத்தூர் முருகனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கி வைப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள், கண்ணையே எடுத்துட்டா சாமி எதுலய்யா பார்வையக் குடுக்கும் என்று கேட்கிறாள். நாங்கள் குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரம்மா கங்கா தினமும் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, இன்னா பெரியவரே, புள்ளைக்குக் கண்ணு எப்டி கீது என்கிறார், தேவலை என்று சொல்லி அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமையே ஜோயல் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தான், தம்பியைப் பார்த்துவிட்டு வார்டு வாசலில் என் காலடியில் உட்கார்ந்துகொண்டு, என்னை ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே எடுத்துக் குடுத்துருப்பேனேண்ணா, எனக்கு இன்னா தடை கீது, ஆபீஸ்ல போன் பேசிக்கினு இருந்துட்டேனே என்று விம்மினான். அவனைத் தேற்றக்கூட எனக்குத் தெம்பில்லை. ஆயுத பூஜைக்கு மறுநாள் புனர்பூஜை யாரும் செய்யவில்லையாம், சுத்தியல்கள் காய்ந்த மாலையோடு அப்படியே கிடக்கின்றனவாம், அண்ணன் வந்து எடுக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறார்கள், வேலைக்குப் பக்கத்து ஷெட்டிலிருந்து பித்தளைச் சுத்தியல் வாங்கிக்கொள்கிறார்களாம். பக்கத்து ஷெட்டில் கேட்டால் கிடைக்கும் என்பது அன்றைக்கு ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நான் இன்னும் கம்பெனிப் பக்கம் போகவில்லை, போவேனா என்றும் தெரியவில்லை.

இப்போது நான் உன்னிடம் கேட்பது. கண்ணை எடுக்க அவன் மறுக்கிறான் என்று நினைத்திருப்பாய். அவன் மறுக்கவில்லை. அம்மா எவ்வளவு அழுதும் அவன் வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வரும்போது செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டியதும் என் பக்கம் திரும்பி, நீங்க சொல்லுங்கப்பா, எடுக்கணும்னா எடுத்துருவோம், வேண்டாம்னா விட்டுருவோம், நீங்க என்ன சொன்னாலும் சரிப்பா என்றான். நான் ஆட்டோக்காரரிடம் மெதுவாகப் போகச் சொன்னேன். நேற்றும் கேட்டான், இன்று காலையில் சாப்பிடும்போதும் கேட்டான். எடுத்துவிடு என்பதுதான் சரி என்று எனக்குத் தெரியும், டாக்டர் சொன்னதை நான் நம்புகிறேன், வாயைத் திறக்கிறேன், வார்த்தை வருவதில்லை. என் ஒரு சொல்லைக் கேட்டு ஒரு கண்ணைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளை, அடுத்த சொல்லுக்காக என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் எந்தத் தைரியத்தில் சொல்வேன். நாள் போய்க்கொண்டே இருக்கிறது, நான் பேசாமல் இருக்கிறதும் அவன் நல்ல கண்ணுக்குத்தான் கெடுதல் என்று தெரிந்தும் பேசாமல் இருக்கிறேன். இந்த வீட்டில் இப்போது உதவாத ஆள் நான்தான். ஆகையால் நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை நீ வழக்கம் போலப் போன் செய்யும்போது அவனிடம் நீ சொல்ல வேண்டும். நர்ஸாகச் சொல், அக்காவாகச் சொல், எப்படியாவது சொல். அம்மாவுக்கும் பக்குவமாகச் சொல்லி வை, நீ சொன்னால் அவள் அழுதாவது ஒத்துக்கொள்வாள்.

உனக்குச் சாதாரணமாகச் சொல்கிற புத்திமதிகளையும் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு டியூட்டியில் அழுதுகொண்டு நிற்காதே, ஊசி போடுகிற கை நடுங்கக் கூடாது. லீவு கேட்டு ஓடி வராதே, வந்தால் அவன் பயந்துவிடுவான். டபுள் டியூட்டி பார்க்காதே. தளவாயிடம் அம்மா ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொடுத்திருக்கிறாள், ஊறுகாயைச் சீக்கிரம் தீர்த்துவிடு. இங்கே மழை தொடங்கிவிட்டது, தெருவெல்லாம் சகதி, கரண்டும் போய்ப் போய் வருகிறது.

ஆசீர்வாதம் சொல்லி முடிக்க வேண்டும். நீ நன்றாக இருக்க வேண்டும் என்று எழுதப் போய்க் கை நின்றுவிட்டது, என் வாய்ச் சொல்லுக்கு நானே பயப்படுகிற காலமாகிவிட்டது, ஆகவே இந்தத் தடவை அம்மாவின் ஆசீர்வாதத்தையே இரட்டிப்பாக எடுத்துக்கொள். வெள்ளிக்கிழமையை மறக்காதே. போனை அம்மா எடுத்தால் தம்பியிடம் கொடுக்கச் சொல். எடுத்துடு தம்பி என்ற ஒரு சொல் போதும், அவன் கேட்பான். அப்பா சொல்லச் சொன்னார் என்று மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
பெருமாள்சாமி