சித்தப்பாவின் மூன்று பல்லும் உன் பெயர்ப்பாட்டும்

அன்பு மகன் நாஹினுவுக்கு உன் அம்மா எழுதுவது. வைபியோ பள்ளத்தாக்கில் நாங்கள் எல்லோரும் சுகம், உன் சித்தப்பா கலுவாவின் முன்பற்கள் மூன்றையும் என் வலது மணிக்கட்டையும் தவிர. நீ அங்கே கையோடும் காலோடும் பல்லோடும் முழுசாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதே, இடது கையால் எழுதுகிறேன், வலது கையால் எழுதினாலும் இதே லட்சணம்தான், பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்தது மொத்தம் நாலு மாதம், அதிலும் பாதி நாள் வாத்தியார் மனைவியின் தொப்பியைப் பார்த்துச் சிரித்ததற்காக வெளியே நின்றேன்.

முதலில் நல்ல சேதி. சேம்பு இந்த வருடம் நன்றாக இறங்கியிருக்கிறது, செவலைப் பன்றி பதினொரு குட்டி போட்டது, ஒன்றின் மேல் தானே படுத்துக் கொன்றுவிட்டது, மீதி பத்து. போன வருடம் உன் சித்தி லூகாவுக்கு ஒரு பையன் பிறந்தான், அவனுக்கு உன் பெயரையே வைத்தார்கள். எனக்குச் சந்தோஷம்தான், தலையும் உன் தலை மாதிரியே பூசணிக்காய். இரண்டு மாதத்துக்கு முன்பு அவனுக்கு ஒரு வயது நிறைந்தது, கலுவா இரண்டு பன்றியைக் குழி அடுப்பில் இறக்கி ஊரையே விருந்துக்குக் கூப்பிட்டான். ஹூலா ஆட மேல்கரையிலிருந்து ஆறு பெண்கள், பாட லூகாவின் அப்பா, தாளத்துக்கு நான். "அண்ணி, பாட்டு என்னன்னு உங்களுக்கு எதுக்கு, நீங்க ஊ தே தேன்னு தாளம் போடுங்க, அது போதும்" என்றான் கலுவா. அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னபோதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும், ஆனால் பன்றி வாசனை வந்தால் உன் அம்மாவுக்குப் புத்தி எங்கே வேலை செய்யும்.

பாயில் உட்கார்ந்து தாளம் போடுகிற என் சுரைக்குடுக்கையை மடியோடு பிடித்துக்கொண்டு அதால் தரையில் ஒரு இடி, விரலால் இரண்டு தட்டு, தரையில் ஒரு இடி, விரலால் இரண்டு தட்டு என்று போட்டுக்கொண்டே இருந்தேன், பெண்கள் பெரணி மாலையோடு வந்து வரிசையில் நின்றார்கள், கிழவர் தொண்டையைத் திறந்தார். முதல் இரண்டு அடி என் காதில் ஏறவில்லை, கை மட்டும் நன்றாகப் பழகின பாட்டுக்குப் போகிற மாதிரி தானாகப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது அடி "காலை முதலில் நீட்டி உலகத்தை உதைத்தவன்" என்று வந்தது. மகனே, அப்படி உதைத்துக்கொண்டு வந்தவன் நீ ஒருத்தன்தான், இரண்டு நாள் என்னைக் கொன்று எடுத்துவிட்டுப் பிறந்தாய், அந்த ஆத்திரத்தில் நான் கட்டின பாட்டு அது. பெயர்ப்பாட்டு ஒருவனுக்கு ஒன்றுதான் என்பது உனக்குத் தெரியும். அவன் மூச்சு இருக்கும்வரை அதை வேறொருவனுக்கு ஆடக் கூடாது, அவன் போன பிறகுதான் அவன் பெயரை எடுத்தவனுக்கு அது சேரும். அப்படியென்றால் என் மடியில் என்ன நடந்துகொண்டிருந்தது பார், ஊர் உன்னைப் புதைக்கிறது, தாளம் போடுவது உன் அம்மா.

நிறுத்தலாம் என்றால் நிறுத்த முடியாது, பெயர்ப்பாட்டைப் பாதியில் அறுத்தால் பெயருக்குரியவனுக்கு ஆகாது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தேன், ஒரு தட்டுகூடத் தப்பவில்லை. கூட்டத்தில் உன் அப்பாவைத் தேடினேன், அவர் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். சரி, இந்த மனுஷனுக்கும் தெரியும், இவர் சம்மதத்தோடுதான் நடக்கிறது என்று புரிந்தது. பாட்டு கடைசி அடிக்கு வந்தது, கிழவர் கையைத் தூக்கி "நாஹினுவின் பெயர் இது!" என்று கூப்பிட்டார். கூப்பிட்டால் பெயருக்குரியவன் 'ஏஓ' என்று பதில் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டால் பாட்டு அவனுக்கு. கலுவா குழந்தையை இடது கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதற்காக வாயைத் திறந்தான். 'ஏ' வெளியே வந்தது. 'ஓ' வருவதற்குள் என் குடுக்கை அந்த வாயில் இறங்கிவிட்டது, அந்த 'ஓ' மூன்று பல்லோடு அவன் வயிற்றுக்குள் போய்விட்டது. குழந்தை மேல் ஒரு தூசி விழவில்லை, நான் குறி பார்த்துத்தான் அடித்தேன்.

பிறகு நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். குடுக்கையின் கழுத்து ஒடிந்து மேல்பாதி சேம்புக்கூழ்ச் சட்டியில் விழுந்தது, கீழ்ப்பாதியால் இன்னும் இரண்டு போட்டேன், அது அவன் காதில் சில்லாகத் தெறித்தது, காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக ஓடி விருந்துச் சட்டை முழுக்க. லூகா குழந்தையை யார் கையிலோ திணித்துவிட்டு என் கொண்டையைப் பிடித்து இழுத்தாள், "உன் பிள்ளை மீனுக்கு இரையாகி ரெண்டு வருஷமாச்சுடி, பைத்தியக்காரி" என்றாள். அந்தச் சொல்லுக்கு அவள் தோளில் என் பல் தடம் ஒரு மாதம் இருந்தது, "கடிச்சவ பைத்தியம்னா கடி வாங்கினவ யாரு" என்று ஊரில் இப்போதும் கேலி. அவள் பெரிய அண்ணன் ஹூலாவுக்குத் தட்டுகிற கோலைப் பிடுங்கி என் மணிக்கட்டில் போட்டான், எலும்பு முறிந்த சத்தம் தாளத்துக்குச் சரியாக விழுந்தது. அதைப் பார்த்த உன் அப்பா, பதினைந்து வருடமாக ஒரு கொசுவைக்கூட அடிக்காத மனுஷன், எழுந்து வந்து அவனை நெஞ்சில் தலையால் முட்டினார், அவன் பின்னால் போய்க் குழி அடுப்பில் உட்கார்ந்தான், கல் இன்னும் சூடு ஆறவில்லை, அவன் அலறினது மேல்கரைக்குக் கேட்டிருக்கும். ஆறு பெண்களும் மாலையைக் கழற்றிவிட்டு இரண்டு கட்சியாகப் பிரிந்துகொண்டார்கள், ஒருத்திக்கு மூக்கு உடைந்தது, ஒருத்திக்குப் புருவம் கிழிந்தது. பன்றியை நாய்கள் தின்றன. போலீஸ்காரர் செங்குத்துப் பாதையில் மூச்சு வாங்க இறங்கி வருவதற்குள் அடிக்க யாருக்கும் தெம்பு இல்லை, அவரும் உட்கார்ந்து மிச்சமிருந்த கருவாட்டைத் தின்றுவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் என்னைப் பார்த்தே பிரசங்கம் செய்தார், ஹூலா ஆடும் வீட்டில் ரத்தம் ஓடும் என்று. வெளியே வரும்போது, "ஐயா, ஆடினப்போ ஒரு சொட்டு வரல, ஆடி முடிச்சப்புறம்தான் வந்துச்சு" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, இருமி மறைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் உன் அப்பாவின் மேல் சேம்பு இடிக்கும் கல்லை எறிந்தேன். இடது கை அல்லவா, காதோரம் போய்ப் பின்னாலிருந்த கோழியைக் கொன்றது, அதைத்தான் அன்றைக்குத் தின்றோம். தின்றுகொண்டே சொன்னார், "கெயாலா, ரெண்டு வருஷமா கடலையே பாத்துக்கிட்டிருக்கேன். கண்ணு வலிக்குது. யாராவது அந்தப் பேரை எடுத்துக்கிட்டா எனக்கு வீட்டுப் பக்கம் திரும்பி உக்காரலாம்னு தோணுச்சு." அவருக்கு இன்னொரு கோழிக்கால் கொடுத்தேன், வேறு என்ன செய்ய.

நாலாம் நாள் கலுவா வந்தான், முகம் பழுத்த பலா மாதிரி. இன்னொரு அடிக்குத்தான் வருகிறான் என்று விறகுக்கட்டையை எடுத்து வைத்தேன். அவன் வாசலிலேயே உட்கார்ந்து, "அண்ணி, அவனைத் தோள்ல தூக்கி நீந்தக் கத்துக்கொடுத்தவன் நான். நானா அவனைச் சாகடிப்பேன்? பேரு கூப்பிட ஆளில்லாமக் கெடக்குதேன்னுதான்" என்று அழுதான், பல் போன வாயில் பாதிச் சொல் காற்றாக வந்தது, எனக்குச் சிரிப்பும் வந்தது, கட்டையைக் கீழே போட்டேன். பிறகு பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். கூப்பிட்ட பெயருக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை, 'ஏ' மட்டும் கணக்கில் சேராது என்று கிழவரே சொல்லிவிட்டார். வடக்கிலிருந்து திமிங்கில வேட்டைக் கப்பல்கள் இந்தப் பருவம் திரும்பி வரும்வரை அது அப்படியே நிற்கும். அதற்குள் உன்னிடமிருந்து ஒரு சொல் வந்தால் பாட்டு உன்னுடையது, கலுவா என் காலில் விழுந்து ஒரு பன்றியும் தருவான். வராவிட்டால் நானே பாயில் உட்கார்ந்து தாளம் போடுவேன், சின்ன நாஹினு பதில் சொல்லுவான், நான் யார் வாயிலும் அடிக்க மாட்டேன். வாக்குக் கொடுத்துவிட்டேன். புதுக் குடுக்கைக்குக் கொட்டிலின் பின்னால் விதை போட்டேன், காய் இறங்கிவிட்டது, கப்பல் வரும் நேரத்துக்குக் காய்ந்து தட்டுகிற பதத்துக்கு வந்துவிடும். தினம் காலையில் போய் அதைப் பார்க்கிறேன், அது மெதுவாகவே வளரட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடைசிக் கடிதம் வந்த சான் பிரான்சிஸ்கோ மாலுமிகள் விடுதிக்கே இதை அனுப்புகிறேன். உன் கப்பல் திரும்பவில்லை என்கிறார்கள், நீ வேறு கப்பலில் ஏறியிருப்பாய் என்கிறேன் நான், சொன்னதைக் கேட்கிற பிள்ளையா நீ. கம்பளி உறையைக் காலில் போட்டுக்கொள், ஈரக் காலோடு தூங்காதே, வெள்ளைக்காரன் சாராயத்தைக் குடித்தால் உட்கார்ந்தே குடி. இது கையில் கிடைத்ததும் நீ எங்கே நின்றாலும் கீழே நான் கூப்பிட்டிருப்பதற்கு உரக்க ஒருதரம் பதில் சொல், பக்கத்தில் நிற்கிறவன் சிரித்தால் அவனுக்கும் மூன்று பல். பிறகு அதை ஒரு தாளில் எழுதி அனுப்பு, வேறு ஒன்றும் எழுத வேண்டாம், அந்த ஒரு சொல் போதும். கடலும் பனியும் உன்னைத் தொடாமல் விலகி நிற்கட்டும், உன்னைத் தொடுகிறவன் கை ஒடியட்டும், உன் பாட்டில் உதைக்கிற அந்தக் கால் உன்னை இங்கே கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு
ஒரு கையோடு உட்கார்ந்திருக்கும் உன் அம்மா
கெயாலா

நாஹினுவின் பெயர் இது!