பின்னாடி இழுக்காத கத்தி

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி, கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக எங்கள் நைனாவிடம் காட்டாதீர்கள். முன் பக்கங்களில் கெமிஸ்ட்ரிதான் இருக்கிறது. அதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். கடைசிப் பக்கங்கள் என் அம்மாவுக்கு.

என் கௌரி அம்மாவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. அழுகையைத் தவிரச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. இப்போது ஒரு சேதி இருக்கிறது. அதைச் சொல்ல இந்த வீட்டில் யாரும் இல்லை. ஹாலில் நைனா படுத்திருக்கிறார். அவரிடம் சொல்ல முடியாது. அதனால்தான் போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் உனக்கு எழுதுகிறேன்.

அம்மா, நான் ஒரு கத்தியை முடித்துவிட்டேன். நீ பாதியில் விட்டுப்போன அபிராமபுரம் மாமியின் கத்தி.

மாமி உன்னிடம் வந்து கேட்டது ஞாபகம் இருக்கிறதா? கல்யாணச் சமையல் செய்கிறவர், ஆதம்பாக்கத்தில் நீ கத்தி செய்கிற நம் ஷெட் வரைக்கும் வந்து, மூச்சு வாங்க ஸ்டூலில் உட்கார்ந்தார். "முப்பது வருஷம் அருவாமணையிலே உக்காந்துண்டு நறுக்கினவ நான். இப்ப முட்டி மடங்கலை. நின்னுண்டு நறுக்கணும்னா கத்தி வேணும். கடையிலே வாங்கறது எல்லாம் பின்னாடி இழுக்கறது, கௌரி. கை விட்டுப் போறது." நீ சிரித்துக்கொண்டே, "பின்னாடி இழுக்காத கத்தி ஒண்ணு பண்ணித் தரேன் மாமி" என்றாய். நான் மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

நான் உட்கார்ந்தது எப்போதும் அந்த மூலையில்தான். இரும்பை இழைக்கிற பெல்ட் மெஷின் பக்கம் என்னை நீ விட்டதே இல்லை. "படி" என்பாய். மெஷின் சத்தத்தில் அது கேட்காது, உதடு அசைவது மட்டும் தெரியும். நீ எனக்கு ஒன்றுமே சொல்லித் தரவில்லை அம்மா. அதில் எனக்குக் கோபம் உண்டு. இன்றைக்குக் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

நீ போனதும் நைனா ஷெட்டைப் பூட்டிவிட்டார். டாக்டர் உன் நெஞ்சு எக்ஸ்ரேயைக் காட்டி ஏதேதோ சொன்னார். நைனா அதில் ஒரே ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார். தூசி. "அந்தத் தூசிதான் உங்கம்மாவ வாரிக்கினு போச்சு. நீ அந்தப் பக்கம் தல வெச்சுக்கூடப் படுக்கக் கூடாது, சொல்ட்டேன்." அவர் சொல்வது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. நீ முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு இழைத்தாய். அந்த முந்தானையை உதறினால் தரையில் கறுப்பாகக் கோடு விழும். நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் மாமியின் கத்தி ஷெட்டில் கிடந்ததே. அலகைக் காய்ச்சித் தோய்த்து முடித்துவிட்டாய். கைப்பிடிக்குள் போகிற பட்டையை, நீ வால் என்று சொல்வாயே, அதை மட்டும் தொடவில்லை. அலகின் முதுகு எவ்வளவு தடிமனோ வாலும் கடைசிவரை அதே தடிமன். அப்படியே மரம் ஒட்டிக் கொடுத்தால் மாமி கையை அது பின்னாடிதான் இழுக்கும். வாலை நுனியை நோக்கி மெலிசாக்க வேண்டும். அவ்வளவு தெரியும். எப்படி என்று தெரியாது.

அதனால் உன் சமையலறைக் கத்தியைப் பிரித்தேன். மன்னித்துவிடு. நைனா ஆட்டோ சவாரிக்குப் போன நேரத்தில் பித்தளை ஆணிகளின் தலையை அரத்தால் ராவிவிட்டு, கத்தியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். பசை இளகி மரம் இரண்டும் கழன்று வந்தன. உள்ளே பார்த்தேன்.

வாலின் நடுப்பகுதி முழுக்க வாய்க்கால் மாதிரி குடைந்திருந்தாய். ஓரம் மட்டும் சமமாக, மரம் உட்காருவதற்கு. அலகுப் பக்கம் கனமாக ஆரம்பித்து, கடைசியில் என் நகத்தின் கனம்தான். வெளியே யாருக்கும் தெரியாது. ஒட்டி மூடியபின் யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனாலும் அந்த வாய்க்காலுக்குள்கூட ஒரு கீறல் கோணலாக இல்லை.

இன்னொன்றும் பார்த்தேன். ஆணிக்கு இரண்டு ஓட்டை போதும். உன் வாலில் மூன்று இருந்தன. மூன்றாவது, இரண்டாவதை ஒட்டினாற்போல. அதில் பித்தளைத் துண்டை வைத்து அடித்து அடைத்திருந்தாய்.

"என் கையில ஓட்டை தப்புனதே கிடையாது" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாய்! நான் தனியாகச் சிரித்தேன். உன்னைப் போய் இப்படிப் பிடித்துவிட்டேனே என்று. அப்புறம் கொஞ்ச நேரம் அழுதேன். ஏன் தப்பியது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

ஷெட்டின் இன்னொரு சாவி பக்கத்து லேத் பட்டறை அன்வர் பாயிடம் இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டதும் பறக்கும் ரயிலில் வேளச்சேரியில் இறங்கி நடந்தேன். நைனாவிடம் ஸ்பெஷல் கிளாஸ் என்றேன். பாய் என்னைப் பார்த்ததும், "அரே, உங்க நைனாக்குத் தெரிஞ்சா என்ன லேத்துல மாட்டிக் கடைஞ்சுருவாரு" என்றார். நான் பையிலிருந்து மாஸ்க்கை எடுத்துக் காட்டினேன். இரண்டு பக்கமும் வட்ட வடிகட்டி வைத்த மாஸ்க், பழைய புத்தகங்களை எல்லாம் எடைக்குப் போட்டு வாங்கியது. கண்ணில் தூசி படாமல் போடுகிற கண்ணாடியும் காட்டினேன். பின்னலைக் கொண்டையாகச் சுருட்டிக் கட்டினேன். பாய் சாவியை மேசையில் வைத்துவிட்டு, "நான் பாக்கல. நான் டீ குடிக்கப் போய்க்கினு கீறேன்" என்றார். போகவே இல்லை. நான் வந்த ஒன்பது நாளும் டீ குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஷெட் வாசலிலேயே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

முதல் ஐந்து நாள் கழிவுப் பட்டைகளில் பழகினேன். எல்லாம் வீண். ஒன்று நுனியில் பிளேடு மாதிரி கூராகிப்போனது. ஒன்று ஒரு பக்கம் மட்டும் மெலிந்து வாழைப்பழம் மாதிரி ஆனது. "இன்னாமா அது, கத்தியா படகா?" என்றார் பாய், திரும்பிப் பார்க்காமலே.

ஆறாவது நாள் மாமியின் கத்தியை எடுத்தேன். வால் முழுக்க மார்க்கரால் நீலம் பூசினேன். கண்ணாடித் துண்டின் மேல் கத்தியைப் படுக்கவைத்து, வாலின் அதே தடிமனுள்ள, ஓட்டை போடுகிற டிரில் பிட்டைப் பக்கத்தில் படுக்கவைத்தேன். பிட்டின் முனை சரியாகப் பாதி உயரத்தில் இருக்கும் இல்லையா? அதைத் தள்ளி வாலின் ஓரத்தில் கோடு கீறினேன். திருப்பிப் போட்டு மறுபடியும் கீறினேன். இரண்டு கோடும் ஒன்றாகவே விழுந்தன. அந்தக் கோடு உயிரோடு இருக்கிறவரை நான் நடுவில் இருக்கிறேன் என்று அர்த்தம். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை அம்மா. வீணாய்ப்போன ஐந்து நாள் சொல்லித் தந்தது.

பெல்ட் ஓடுகிற சக்கரத்தில் வைத்து வாலின் நடுவைக் குடைந்தேன். பிறகு பெல்ட்டுக்குப் பின்னால் சமமான பலகை இருக்கிற பக்கம் வைத்து, வாலின் நுனியை மட்டும் அழுத்தினேன். முதலில் நுனியில் ஒரு வெள்ளைக் கீற்று வந்தது. அழுத்தத்தை மாற்றாமல் இருந்தால் அந்த வெள்ளை தானாக முன்னே நகர்கிறது, நீலத்தை அழித்துக்கொண்டே. அலகை நோக்கி ஊர்ந்து வருகிறது. கையுறை போடவில்லை, சூடு தெரியாமல் போய்விடும் என்று பயம். சூடு அலகுக்கு ஏறி நிறம் மாறினால் நீ தோய்த்து ஏற்றிய உறுதி போய்விடும். அதை மறுபடி செய்ய நீ இல்லை. விரல் சுட்டால் தண்ணீரில் முக்கினேன். திருப்பினேன். இந்தப் பக்கம் நான்கு இழுப்பு, அந்தப் பக்கம் நான்கு இழுப்பு. அலகுக்கு ஒரு விரல்கடை முன்னால் வெள்ளையை நிறுத்தினேன்.

நிறுத்திவிட்டுப் பார்த்தேன். ஓரத்தில் அந்தக் கீறல் கோடு நூல் மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே சாய்வு. பாய் அன்றைக்குத்தான் திரும்பிப் பார்த்தார். கத்தியை வாங்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு, எனக்கும் ஒரு டீ வாங்கிவந்தார்.

அதற்கப்புறம்தான் தப்பு செய்தேன். மெலிந்த வாலை டிரில் மேசையில் அப்படியே வைத்து ஓட்டை போட்டேன். முதல் ஓட்டை சரியாக வந்தது. இரண்டாவது, அந்த மெலிந்த நுனிப் பக்கத்து ஓட்டையில், ஆணியை ஒரு பக்க மரத்தில் விட்டால் மறுபக்க மரத்தில் வேறு இடத்தில் போய் முட்டியது. சாய்ந்துவிட்டது. வால் இரண்டு பக்கமும் சரிவு, மேசை சமம். ஒரு சரிவு மேசையில் படுத்தால் கத்தியின் நடுக்கோடே சாய்ந்துவிடுமே! எனக்கு எப்படித் தெரியாமல் போனது?

தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன் கடைசிக் கத்தியைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போதுதான் உன் மூன்றாவது ஓட்டை ஞாபகம் வந்தது. அது இருந்ததும் இதே இடம். மெலிந்த நுனிப் பக்கம். நீயும் ஒருநாள் இப்படித்தான் அவசரமாக மேசையில் வைத்திருக்கிறாய். நீயும் தரையில் உட்கார்ந்தாயா? பித்தளைத் துண்டைத் தேடினாயா? யாருக்கும் சொல்லாமல் மரத்தை ஒட்டி மூடினாயா?

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தமாதிரி இருந்தது.

ரயில் டிக்கெட்டை மடித்து மடித்து வாலின் நுனிக்கடியில் வைத்தேன். நடுக்கோடு மேசைக்குச் சமமாக வந்ததும் பக்கத்திலேயே புது ஓட்டை போட்டேன். ஆணி வழுக்கிக்கொண்டு போனது. பழைய ஓட்டையைப் பித்தளை வைத்து அடைத்தேன், உன்னை மாதிரியே. தேக்கு மரம் ஒட்டி, ஆணி அடித்து, தேய்த்து முடித்தேன். முதுகுப் பக்கமிருந்து பார்த்தால் இரண்டு மரத்துக்கு நடுவே இரும்பு தடிமனாகப் புறப்பட்டு, மெலிந்து மெலிந்து ஓடுகிறது. அவ்வளவுதான் வெளியே தெரியும். பிரித்த உன் கத்தியையும் அன்றைக்கே ஒட்டி சமையலறையில் வைத்துவிட்டேன்.

பிறகு ஒரு பொய் சொன்னேன். நைனாவிடம் கத்தியைக் கொடுத்து, "அம்மா முடிச்சு பாய் கடையில வெச்சிருந்துச்சாம்" என்றேன்.

நேற்று சாயங்காலம் ஆட்டோவில் மாமி வீட்டுக்குப் போனோம். மாமி ஒரு வாழைக்காயை எடுத்து நின்றபடியே நறுக்கினார். இன்னொன்று எடுத்தார். மூன்றாவதும். "இதோ பாருங்கோ, நின்னுண்டே நறுக்கறேன், பின்னாடி இழுக்கவே இல்லை. மூணு காய் வேண்டாம், மூவாயிரம் காய் குடுங்கோ, நறுக்கறேன். எங்காத்துல இனிமே வேற கத்தியே கிடையாது. கௌரி கை கைதான்டி கொழந்தே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிடும்போல் இருந்தது. உடம்பெல்லாம் சூடாக இருந்தது. கௌரி கை என்று அவர் சொன்னது என் கையை, அம்மா.

நைனா கத்தியை வாங்கி, நீ செய்வாயே, அலகும் பிடியும் சேருகிற இடத்தில் ஒரு விரலை வைத்துத் தூக்கினார். ஆடாமல் நின்றது. அவர் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா மோனி? உங்கம்மா பண்ண கடைசிக் கத்தி. இத்த வேற எவனும் பண்ண முடியாது. ஒரு ஓட்டை தப்ப மாட்டா."

அந்த இடத்தில் நான் எப்படிச் சொல்வேன்? சொன்னால் உன் கடைசிக் கத்தியை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டமாதிரி ஆகும். நான் தூசியில் நின்றதும் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை ஒருவர் பெல்ட் மெஷினை வாங்க வருகிறார். திரும்பி வரும்போது நைனாவே சொன்னார், "மாமி கத்தி போய்ச் சேந்துருச்சு, இனிமே அந்த மெஷினுக்கு இன்னா வேல கீது?" என்று. மெஷின் போனால் என் கையும் போகும். இன்றைக்கு முழுக்க அவர் முகத்தைப் பார்க்கவே பயந்தேன். சாப்பிட்டதும் அவர் எப்போதும்போல வாளியில் துணியை ஊறப் போட்டார். இப்போதெல்லாம் துவைப்பது அவர்தான். முன்பு உன் புடவையில் இரும்புத் தூசி ஈரம்பட்டு துருப்பிடித்துப் பொட்டுப் பொட்டாக இருக்கும்போது, "கௌரி, உன் பொடவைக்கு அம்மை போட்டுக்கீது" என்று கிண்டல் பண்ணுவாரே, இப்போது அந்தக் கிண்டலும் இல்லை.

அம்மா, உனக்கு ஒரு சத்தியம் செய்து கொடுக்கிறேன். அந்த ஆள் வருவதற்கு முன்னால் நைனாவிடம் நானே சொல்வேன். வாலை இழைத்தது நான், ஓட்டை தப்பியது எனக்கும் உனக்கும் என்று சொல்வேன். மாஸ்க் இல்லாமல் அந்த மெஷினைத் தொடவே மாட்டேன். இன்றைக்கு இல்லை. இன்றைக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் பயத்துக்கு மேலே ஒரு விரல்கடை அளவு வேறு ஏதோ இருக்கிறது, அதற்குப் பேர் என்ன என்று உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் கையைக் கொண்டு பிறந்த மகள்

கதவை யாரோ தட்டுகிறார்கள். நைனா. செல்போன் வெளிச்சம் தெரிந்துவிட்டதா?

"மோனி. நீ முழிச்சுக்கினுதான் கீறேன்னு தெரியும். வாளியில பாத்தேன். உன் யூனிஃபார்முக்கு அம்மை போட்டுக்கீது."

அம்மா, குரல் கோபமாக இல்லை. என்னவோ மாதிரி இருக்கிறது. மறுபடி தட்டுகிறார்.

"மாஸ்க் போட்டியா இல்லியா, அத்த மட்டும் சொல்லு, மோனி."

போட்டேன் என்று சொல்லப் போகிறேன் அம்மா. கதவை