அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலி

8 ஏப்ரல் 1979, குருத்து ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். இலை அசையவில்லை. சைக்கிள் பஞ்சர், ஒட்டுகிற கடை திறக்கவில்லை. கோவில்பத்து வீட்டிலிருந்து கோயிலுக்கு நடைதான். புதுப் புடவையில் புழுதி என்று வழியெல்லாம் பிலோமினாவின் புலம்பல். அவளைக் கட்டிய நாள்முதல் இதே பாட்டு.

பூசை முடிவில் புதுச் சாமியார், பெரிய வியாழனன்று சீடர்களாக உட்காரவைத்துத் தாம் பாதம் கழுவப் பன்னிரண்டு ஆண்களின் பெயரை வாசித்தார். என் பெயர். அடுத்தே அண்ணன் பெயர். ஊருக்கு நேற்று வந்தவர், நாங்கள் பேசிக்கொள்ளாதது அவருக்கு என்ன தெரியும். கூடப் பிறந்தவர்கள், அடுத்தடுத்து உட்காரட்டும் என்று சந்தோஷமாகச் சேர்த்திருப்பார். கோயிலே திரும்பிப் பார்த்தது. பின்னால் யாரோ, "போச்சு போ!"

அண்ணன் முன்வரிசையில். முதுகு மட்டும் தெரிந்தது. அசையவில்லை.

பிலோமினா: "சாமியார்கிட்ட சொல்லிப் பேரை எடுத்துடுங்க. நல்ல நாளும் அதுவுமா வேணாம்." சரி என்றேன். சொல்லப் போகவில்லை. காரணத்தை எழுதவே கூச்சம். உட்கார ஆசை. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆகிறது.

9 ஏப்ரல், திங்கள்

ஆபீசில் மின்விசிறி ஓடவில்லை. எல்லோரும் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தோம்.

இன்றைய வாசகம் அருளப்பர் சுவிசேஷம் 12, பெத்தானியா வீடு. முன் அதிகாரத்தையும் புரட்டினேன். லாசரை அடக்கம் செய்த பிறகு ஆண்டவர் வந்து சேருகிறார். நீர் இங்கே இருந்திருந்தால் என்று லாசரின் சகோதரி மார்த்தாள் ஆரம்பிக்கிறாள். அங்கே தாமதமாக வந்தவரிடம் வீட்டுக்காரர்களுக்கு வருத்தம். எங்கள் வீட்டில் தாமதமாக வந்தவருக்கு வீட்டுக்காரன் மேல் வருத்தம்.

அம்மா போனது கத்திரி வெயிலில். அண்ணன் அப்போது பிரெஞ்சுப் பட்டாளத்தில், கடலுக்கு அந்தப் பக்கம். தந்தி கொடுத்துவிட்டு மறுநாளே அடக்கம். அவர் வந்து நின்றபோது கல்லறை மேல் பூவெல்லாம் சருகு. "நான் வர்ற வரைக்கும் வச்சிருக்கக் கூடாதாடா?" ஒன்றுதான் கேட்டார். நான் காரணம் சொன்னேன். வெயில். ஐஸ் கிடைக்கவில்லை. டாக்டரே எடுக்கச் சொன்னார். தந்தி என்றைக்குக் கையில் கிடைக்கும் என்று யார் கண்டது. எல்லாம் உண்மை. கேட்டுக்கொண்டே இருந்தார், பிறகு போய்விட்டார். பேச்சு அன்றோடு நின்றது. இப்போது பென்ஷனோடு ஊருக்கே திரும்பி, வீட்டின் மறுபாதியில் குடியிருக்கிறார். தனி ஆள், கல்யாணமே செய்துகொள்ளவில்லை. நடுவில் ஒரு சுவர். அவர் இருமினால் நான் சோற்றில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆன்ம சோதனை: பொய், ஒன்று (பிலோமினாவிடம், "சாமியார் ஊர்ல இல்ல"). ஆபீசில் வாய்த்துடுக்கு. ஜெபத்தில் பராக்கு, முழுக்க முழுக்க.

10 ஏப்ரல், செவ்வாய்

சைக்கிளுக்கு டியூப் மாற்றியாயிற்று. காற்று கொஞ்சம் வந்தது.

அருளப்பர் 13. உமக்காக உயிரையே தருவேன் என்கிறார் சீடர் இராயப்பர். சேவல் கூவுவதற்குள் என்னையே தெரியாது என்பாய் என்கிறார் ஆண்டவர். மத்தேயு 5-உம் ஞாபகத்துக்கு வந்து தொல்லை: காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ. சரி, வியாழனுக்கு முன்னால் போய்ப் பேசிவிடுவது என்று முடிவு.

சாயந்திரம் போனேன். அண்ணன் வாசலில் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். யோசித்து வைத்தது வேறு, கேட்டது வேறு.

"பம்புல தண்ணி வருதாண்ணே?"

நிமிர்ந்து பார்த்தார். "வருது."

அவ்வளவுதான். திரும்பிவிட்டேன். எங்கள் பம்பில் தண்ணீருக்கு ஒரு குறையும் இல்லை.

வருது என்றார். குரல் அம்மா மாதிரி ஆகிவிட்டது, கடைசியில் ஓர் இழுப்பு. பிலோமினாவிடம் சொன்னேன். "இதுக்கா மூஞ்சி இப்படிப் பூரிச்சுக் கெடக்கு?" சிரித்தாள். சிரிக்கட்டும். குளிக்கும்போது அந்த வார்த்தையை அதே மாதிரி சொல்லிப் பார்த்தேன். வரவில்லை.

11 ஏப்ரல், புதன்

பாவசங்கீர்த்தனம். நீண்ட வரிசை. எனக்கு முன்னால் இருந்தவருக்குக் காது கேட்காது போலிருக்கிறது, தன் பாவங்களைக் கோயிலுக்கே அறிவித்தார். எல்லோரும் ரொம்பப் பக்தியாகத் தலையைக் குனிந்துகொண்டோம்.

என் முறை. "அண்ணன் என்கூடப் பேசறதில்ல சாமி. அவரு என்ன பண்ணாருன்னா..."

"உங்க பாவத்தைச் சொல்லுங்க. அவரு பாவத்தை அவரு வந்து சொல்லிக்குவாரு."

என் வயதில் பாதி இருக்குமா அவருக்கு? எரிச்சல் வந்தது. அதையும் பாவமாகச் சேர்த்துச் சொல்லிவிட்டேன். பரிகாரம்: நாளை ஒரு நாளாவது அண்ணன் முன்னால் நியாயம் பேசாமல் இருப்பது. ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை சொல்லச் சொல்லியிருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும்.

வீடு திரும்பும்போது அண்ணன் கதவு சாத்தியிருந்தது. நாளைக்கு வருவாரா? யாரைக் கேட்பது?

12 ஏப்ரல், பெரிய வியாழன்

மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை இல்லை, ஏமாற்று. வலது காலை இரண்டு தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தேன், நகமும் வெட்டினேன். "கழுவப் போற காலுக்கு எதுக்கு இத்தனை கழுவல்?" பிலோமினாதான். இங்கே எல்லோரும் இப்படித்தான். அழுக்குக் காலைச் சாமியாரிடம் நீட்ட யாருக்கு மனசு வரும்.

பன்னிரண்டு நாற்காலி, பதினோரு பேர். என் பக்கத்தில் காலி. சுவிசேஷம் முடிந்தது, பிரசங்கம் முடிந்தது, காலி. வாசலைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். வராவிட்டால் வம்பில்லை என்று முதலில் தோன்றியது. பிறகு, ஆண்டவரே, அவர் பேச வேண்டாம், வந்து உட்கார்ந்தால் போதும்.

சாமியார் இடுப்பில் துண்டு கட்டும்போது அண்ணன் வந்தார். கோட்டு, ஷூ, எல்லாம். உட்கார்ந்தார். தோள் என் தோளில் இடித்தது. விலக்கிக்கொள்ளவில்லை. சாமியார் வரிசையில் நெருங்கிவிட்டார், ஷூ லேசை அவிழ்க்க அண்ணனால் குனிய முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. நான் குனிந்து அவிழ்த்தேன். காலுறையையும் உருவினேன். தடுக்கவில்லை. என் காலில் தண்ணீர் விழுந்தது எப்போது என்று ஞாபகமே இல்லை.

முடிந்து வெளியே வந்தோம். பிலோமினா பெண்களோடு முன்னால் போய்விட்டாள். அவர் நடந்தார், நான் பக்கத்தில். கடைத்தெருவைத் தாண்டினோம். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே:

"டேய். அம்மா மொகம் எப்படிடா இருந்துச்சு?"

"எப்பண்ணே?" என்றேன், மடையன்.

"பெட்டியை மூடுறப்ப."

அங்கேயே நின்று சொன்னேன். நெற்றியில் வலிச் சுருக்கமெல்லாம் போய்விட்டது. வாய் கொஞ்சம் திறந்திருந்ததால் தாடையைத் துணியால் கட்டினோம். நீலப் புடவை. கையில் ஜெபமாலை சுற்றும்போது ஒரு சுண்டுவிரல் மட்டும் மடங்கவே இல்லை. தூங்குகிற மாதிரி என்று எல்லோரும் சொன்னார்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை, யாருக்கோ காது கொடுத்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"என்னைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. வந்துட்டானா, வந்துட்டானான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

கோட்டோடு அப்படியே வாய்க்கால் மதகில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. நானும் உட்கார்ந்தேன். சைக்கிளில் போனவர்கள் இறங்கி, பார்த்து, ஒன்றும் கேட்காமல் போனார்கள்.

13 ஏப்ரல், பெரிய வெள்ளி

ஒருசந்தி நோன்பு. வாசகம் இன்னும் எடுக்கவில்லை. விடிந்ததும் கதவில் தட்டல். அண்ணன். முகம்கூடக் கழுவவில்லை.

"மொதல்லேருந்து சொல்லுடா."