அளவு எழுதாத மனு

அருவிநகர்,
இலஞ்சி சாலை,
தென்காசி.
13.07.2025, ஞாயிறு

அன்பு மகள் அபர்ணாவுக்கு,

அப்பா எழுதுவது. நான் இங்கு நலம், அம்மா கூடலூரில் நலம். நீ வின்னிப்பெக்கில் நலமாக இருப்பதைச் சென்ற ஞாயிறு கைப்பேசியில் பார்த்தேன் என்றாலும், எழுத்தில் கேட்பதுதான் முறை என்பதால் கேட்கிறேன், நலம்தானே? கைப்பேசியில் உன் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வந்தது மறந்து, சாப்பிட்டாயா என்பதோடு என் பேச்சு நின்றுவிடுகிறது. இன்று சொல்ல வேண்டியது சற்று நீளம், ஆகையால் கடிதம்.

சாரல் இந்த ஆண்டு நன்றாகப் பிடித்திருக்கிறது. துவைத்த சட்டை காய மூன்று நாள் ஆகிறது. ஐந்தருவிக்குப் போகும் வண்டிகளால் நம் சாலையைக் கடக்கவே நேரம் பிடிக்கிறது. சமையலில் குறை ஒன்றும் இல்லை, முக்கால் டம்ளர் அரிசிதான் வைக்கிறேன், அதிலும் மிஞ்சுகிறது. நேற்று இரண்டாம் சனிக்கிழமை, அம்மா வரவேண்டிய நாள், ஆனால் மலைப்பாதையில் மண் சரிந்து பேருந்து இல்லை என்று சொல்லிவிட்டாள். தலைமையாசிரியர் பதவி உயர்வுக் கலந்தாய்வில் அவளுக்குக் கூடலூர் வந்தபோது, யாரையாவது பிடித்து மாற்றிக்கொள்ளலாம் என்று உன் மாமா சொன்னார். சிபாரிசு கூடாது என்று தடுத்தவன் நான். சொன்னது சரிதான், இன்றும் அதில் மாற்றமில்லை. இந்த வீட்டில் மூன்று மின்விசிறிகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றுதான் சுற்றுகிறது.

நம் காலனி விளையாட்டுத் திடலைக் கட்டி முடித்துவிட்டார்கள் என்று பிப்ரவரியில் உன்னிடம் சொன்னேன். அது ஐந்து மாதமாகப் பூட்டிக் கிடந்ததையும், பூட்டி வைத்தவன் நான் என்பதையும் சொல்லவில்லை. நீ பதினொன்றாம் வகுப்பில் படித்தபோது, குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் நான் நகராட்சியில் கொடுத்த மனு உனக்கு நினைவிருக்கும். காலனிப் பிள்ளைகள் பூப்பந்து ஆட ஒரு பொதுத் திடல் வேண்டும் என்று கேட்டு, ஆடுவோர் என்று உன்னையும் சேர்த்து ஐந்து பெயர்களைக் கீழே எழுதியிருந்தேன். ஏழாண்டு கழித்து அனுமதி வந்தது. நம் பக்கத்தில் பூப்பந்து என்றால் மஞ்சள் கம்பளிப் பந்து, அணிக்கு ஐந்து பேர் என்பது எல்லோருக்கும் தெரியும். வரைபடம் போட்ட இளம் பொறியாளர் வேறு ஊர்க்காரர், பூப்போல மெத்தென்று இருப்பது இறகுதானே என்று இறகுப்பந்துக்குப் போட்டுவிட்டார். நாடா பிடித்து நானே அளந்தேன். இருபத்து நான்கு மீட்டருக்குப் பன்னிரண்டு இருக்க வேண்டிய களம், பதின்மூன்று புள்ளி நான்குக்கு ஆறு புள்ளி ஒன்று இருந்தது. நில அளவைத் துறையில் இருபத்தாறு ஆண்டு வேலை பார்ப்பவன், சரியாக இருக்கிறது, பெற்றுக்கொண்டோம் என்று எப்படிக் கையெழுத்திடுவது? மறுத்துவிட்டேன். செயலாளர் கையெழுத்து இல்லாமல் திடலைத் திறக்க முடியாது. சங்கத் தலைவர் கிதிர் முகம்மது அண்ணாச்சி நான்கு முறை வந்து பார்த்துவிட்டு, "என்னவே கைலாசம், கோர்ட்டைத் திறங்கன்னு சொன்னா எங்களைக் கோர்ட்டுக்கே இழுத்துருவீரு போலுக்கே" என்று சிரித்தபடியே கோபித்துக்கொண்டு போனார்.

சென்ற செவ்வாய்க்கிழமை அலுவலகம் விட்டு வரும்போது, பால்காரர் இசக்கிமணியின் மகள் கோமதி, ஏழாம் வகுப்புப் படிப்பவள், மட்டையும் கையுமாகக் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டியை நிறுத்தியதும், "மாமா, இன்னும் பெருசா வேணும்னு சொல்லுதீங்களாமே, யாருக்கு?" என்று கேட்டாள். மனுவில் ஐந்து பேர் பெயர் இருப்பதை முறையாக விளக்கினேன். "அந்த அஞ்சு அக்காமாரும் இப்ப எங்க இருக்காவ?" என்றாள். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லியே எனக்குப் பழக்கம். பொன்செல்வி ஆவடியில் ஆயுதப்படைக் காவலர், ஜெயபிரியா புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் கடை வீட்டு மருமகள், சைதூன் பீவி கணவரோடு ஷார்ஜாவில், அனுசியா பெங்களூரில், என் மகள் கனடாவில் என்றேன். விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தவள், "அப்பம் ஒருத்தரும் இல்ல. அவ்வொ வரும்போது இடிச்சுப் பெருசா கெட்டிக்கிடுங்க மாமா. அதுவரைக்கும் நாங்க விளையாடுதோமே" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மனுவின் நகலைத் தேடி எடுத்தேன். அளவைக் காட்டி, தவறு அவர்களுடையதுதான் என்று நிறுவிவிடும் எண்ணம். இரண்டு பக்க மனுவில் எங்கும் அளவு இல்லை, அபர்ணா. நம் வீட்டுச் சுற்றுச்சுவரின் கனத்தையே மில்லிமீட்டரில் குறித்து வைத்திருப்பவன், பூப்பந்து என்ற ஒரு சொல் போதும், உலகத்துக்கே தெரியும் என்று விட்டிருக்கிறேன். காலனிப் பிள்ளைகள் என்று மை கொண்டு எழுதியிருந்தாலும், எழுதும்போது என் கண்ணில் நின்றவள் ஒருத்திதான். ஐந்து மாதமாக அளவுக்காகத்தான் பிடிவாதம் பிடிக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில், களம் மட்டும் சரியான அளவில் அமைந்துவிட்டால் நீ வந்து ஆடுவாய் என்று நானே ஒரு விதியை எழுதி வைத்திருந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை கையெழுத்திட்டேன். அதன் கீழே, மனுவில் அளவு குறிப்பிடாதது என் பிழை என்று எழுதித் தேதியும் போட்டேன். உங்கள் ஐவரின் பெயரை அடிக்கவில்லை. நேற்று மாலை திடலைத் திறந்தோம். பதினான்கு பிள்ளைகள் வந்திருந்தார்கள். கோமதி என்னை அம்பயராக நிற்க வைத்துவிட்டாள். செங்கோட்டைக் கணவாய்க் காற்றில் இறகுப்பந்து ஒரு நிமிடம் நேராகப் போகவில்லை, அடித்த இடம் ஒன்று, விழுந்த இடம் ஒன்று. ஒரு முறை அது நேராகக் கோட்டின் மேலேயே விழ, உள்ளே, வெளியே என்று இரண்டு பக்கமும் சண்டை. கோட்டைத் தொட்டால் உள்ளேதான் என்று தீர்ப்புச் சொன்னேன். "மாமா சொன்னா சொன்னதுதாம்ட்டி" என்று கோமதி மற்றவர்களை அடக்கினாள். ஆறரை மணிக்கு மூட வேண்டும் என்பது விதி, மூடினேன். யார் வென்றார்கள் என்று வீட்டில் வந்து சொல்லத்தான் ஆள் இல்லை, அதனால் உனக்குச் சொல்கிறேன், கோமதியின் அணி, இருபத்தொன்றுக்குப் பதினெட்டு.

அங்கு கோடைதான் என்றாலும் மாலையில் கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. கடவுச்சீட்டு காலாவதியாகும் மாதத்தைப் பார்த்துக்கொள். அம்மாவை வாரத்தின் நடுவிலும் ஒரு முறை அழைத்துப் பேசு, அங்கு அவளும் தனிதான். முடிந்தால் எனக்கு ஒரு பக்கமேனும் கையால் எழுது. குற்றாலநாதரும் இலஞ்சிக் குமாரரும் உனக்கு எப்போதும் துணையிருக்க வேண்டுகிறேன்.

உன் மஞ்சள் பந்து தொலைக்காட்சிப் பெட்டியின் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தச் சாரலில் கம்பளி ஈரம் வாங்கிவிடுகிறது, ஆகையால் நீ செய்வதுபோலவே ஞாயிறுதோறும் இட்லிச் சட்டியின் மூடிமேல் வைத்து உலர்த்தி எடுக்கிறேன். இன்றும் வைத்தேன்.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
மா. கைலாசம்