எங்கள் ஊர் விலக்கில் ஒரு திராட்சை

ஜனவரி 20, 2025, திங்கள்

காலையில் உத்தமபாளையத்திலிருந்து சின்னமனூர் வரை ஓடிப்போய்த் திரும்பினேன். டீக்கடையில் ஒருவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "பஸ்ஸ விட்டுட்டீகளா?"

நான்கு ஆண்டுகளாக இதே சாலை, இதே கேள்வி. நாற்பத்தொரு வயதுப் பெண் விடியலில் ஓடினால் இந்த ஊருக்குத் தெரிந்த காரணம் இரண்டுதான்: பஸ், அல்லது புருஷன். பஸ் என்று நினைப்பவர்கள் மரியாதை தெரிந்தவர்கள்.

மதியம், நான் வேலை பார்க்கும் கிளை நூலகத்திலிருந்து மாவட்ட நூலக அலுவலகத்துக்குப் போன் செய்து விடுப்பு கேட்டேன். நூறு கிலோமீட்டர் பந்தயம், மறுநாள் நடக்க முடியாது, ஒரு நாள் வேண்டும் என்றேன். அதிகாரி யோசித்துவிட்டு, "உடம்பு சரியில்லன்னு எழுதிக் குடுங்கம்மா, அதான் நல்லாருக்கும்" என்றார். ஆக, இதுவரை என் வாழ்க்கையில் மிக ஆரோக்கியமாக இருக்கப்போகும் நாளுக்கு மறுநாள், நான் நோயாளி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஜனவரி 27, திங்கள்

பிப்ரவரி 9 பந்தயம். பழனிசெட்டிபட்டியில் தொடங்கி, கம்பம் தாண்டி, கூடலூரில் திரும்பி, அதே வழியில் பழனிசெட்டிபட்டி. பத்து மணி நேரத்துக்குள் முடித்தால் இந்திய அணித் தேர்வுக்குப் பெயர் போகும். போன வருஷம் நான்கு நிமிடத்தில் தவறியது. இந்த வயதில் நான்கு நிமிடம் என்பது ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் நீளும் சமாச்சாரம்.

சாயங்காலம் மரிய ஜோசப் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். வழக்கம்போல் ஒரு கூடை பன்னீர் திராட்சை. அவர் தோட்டத்தது. காது குத்து, சடங்கு, கல்யாணம் என்று எனக்கு எல்லாச் சீரும் குறைவில்லாமல் செய்தவர். கல்யாணத்தோடு தாய்மாமன் கடமை முடிந்துவிடும் என்பது ஊர் வழக்கம். மாமா அதை ஒப்புக்கொள்ளவில்லை.

"நம்ம விலக்கு வழியாத்தான ஓடுவ?" எங்கள் ஊருக்கு ரோடு பிரியும் இடத்தைக் கேட்டார்.

"ஆமா மாமா. திரும்பி வாறப்ப பதினோரு மணி ஆகும்."

"அப்பப் பூச முடிஞ்சிரும்" என்றார்.

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். திராட்சை தின்றுகொண்டிருந்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பூசை முடிந்ததும் மாதா கோயிலில் பங்குச் சாமியாரின் அறிவிப்பு: "நம் பங்கின் மகள் பெனிட்டா அடுத்த ஞாயிறு நமது விலக்கைக் கடந்து செல்வார். அனைவரும் வருக." ஏதோ வால்நட்சத்திரம்.

நேராக மாமா வீட்டுக்குப் போனேன். விதியைச் சொன்னேன். பந்தயக்காரர்கள் போட்ட மேசைகளில் மட்டும்தான் தண்ணீரோ தீனியோ எடுக்கலாம். இடையில் யார் எதைக் கொடுத்து நான் தின்றாலும் குடித்தாலும் பந்தயத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். "கைதட்டுனா போதும் மாமா."

"சரித்தா. கைதட்டுனாப் போதுங்குற" என்று தலையாட்டினார்.

மாமா தலையாட்டினால் சம்மதம் என்று அர்த்தமில்லை. காது கேட்கிறது என்று அர்த்தம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நீக்கிவிட்டார்கள்.

பிப்ரவரி 10, திங்கள்

கால் மடங்கவில்லை. கை நன்றாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

விலக்கில் பேண்டு செட். புளியமரத்தில் பிளெக்ஸ். அதில் கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவை உறுப்பினர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். கீழே, இடம் மிஞ்சிய மூலையில், ஓடுகிற கோலத்தில் நான். தட்டுகள் வரிசையாக: தேங்காய், பழம், பட்டுச்சேலை. நூறு கிலோமீட்டர் ஓடுகிறவளுக்குப் பட்டுச்சேலை. நடுரோட்டில் மாலையோடு மாமா. அவருக்குப் பின்னால் கேரளா லாரிகள் நின்று ஹாரன் அடித்தன. மாமா திரும்பிப் பார்க்கவில்லை. லாரிக்குப் பயந்தா சீர் செய்வார்கள்?

நான் விலகி ஓடியிருக்கலாம். எழுபது வயதுக் கிழவர் வெயிலில் மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நின்றேன். மாலை விழுந்தது. சரி, மாலை சாப்பாடு இல்லை. பிறகு கொத்திலிருந்து ஒரு திராட்சையைக் கிள்ளினார்.

"வாயத் தொறத்தா."

திறந்தேன். ஏன் திறந்தேன்? எனக்குப் பல் முளைப்பதற்கு முன்பிருந்தே அந்தக் குரல் சொன்னால் என் வாய் திறக்கும். மூளையைக் கேட்டுக்கொண்டு திறப்பதில்லை.

கடிக்கவில்லை. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஓடினேன். வாய்க்கால் பாலம் தாண்டியதும் துப்பினேன், முழுசாக. ஒரு சொட்டுச் சாறு உள்ளே போகவில்லை. யாரும் பார்க்கவில்லை. அதுதான் சிக்கலே. பங்கு இளைஞர்கள் போனில் நேரலை ஓட்டியிருக்கிறார்கள். திராட்சை உள்ளே போனதைப் பள்ளத்தாக்கே பார்த்தது. வெளியே வந்ததை வாய்க்கால் மட்டும் பார்த்தது.

பத்து மணி நேரத்துக்குள் முடித்தேன். மூச்சு வாங்கி உட்கார்ந்திருந்தவளிடம், பந்தயத்தை நடத்தும் கார்த்திக்ராஜ் வந்து போனைக் காட்டினார்.

"மேடம், இது என்ன?"

"திராட்சை."

"அது தெரியுது மேடம்."

பிப்ரவரி 15, சனி

மேல்முறையீடு செய்தேன். அடுத்த சனிக்கிழமை விசாரணை. நான் விழுங்கவில்லை என்று தெளிவானால் நீக்கம் ரத்தாகும், பெயர் தேர்வுக்குப் போகும். கொடுத்தவரையும் கூப்பிடுகிறார்கள்.

அம்மாவுக்கு அதுதான் கவலை. "எங்கண்ணன் ஊரு முன்னாடி ஊட்டுனதத் துப்பிட்டேன்னு சொல்லப்போறியா?"

"துப்புனேனே."

"துப்புனது வேற. சொல்றது வேற."

இந்த வீட்டில் என் அம்மா பாக்கியம் என்று ஒரு சட்ட மேதை இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்று. என் கணவர் ஜஸ்டின் மட்டும், "உள்ளதச் சொல்லு" என்றார். சொல்லிவிட்டு, அம்மா இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

பிப்ரவரி 22, சனி

தேனியில் ஒரு லாட்ஜின் விசேஷ அறை. போன வாரம் யாருக்கோ வளைகாப்பு நடந்திருக்க வேண்டும். சுவரில் காகிதத் தொட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே மூன்று நடுவர்கள், நடுவில் கார்த்திக்ராஜ்.

மாமா வெள்ளை வேட்டி, பூசைக்குப் போடும் சட்டை. என் பக்கத்து நாற்காலி.

கேட்டார்கள். சொன்னேன். வாயில் வாங்கினேன், கடிக்கவில்லை, பாலம் தாண்டித் துப்பினேன்.

மாமா என்னைப் பார்க்கவில்லை. மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார்த்திக்ராஜ் அவரிடம் மெதுவாகத்தான் கேட்டார். "ஐயா, நீங்க குடுத்தத இவுக சாப்பிட்டாகளா?" நல்ல பையன். இல்லை என்ற பதிலுக்கு ஏற்கெனவே பாதி தலையை ஆட்டி வைத்திருந்தார்.

"சாப்பிட்டுச்சு."

"ஒரு பழம்தான?"

"ஒரு பழமா? தாய்மாமன் ஒத்தப் பழமாய்யா குடுப்பான்? ஒரு கொத்து. அப்புறம் எளநி. நின்னு நிதானமாச் சாப்பிட்டுத்தான் போச்சு."

"வீடியோவுல ஒண்ணுதான் ஐயா இருக்கு."

"வீடியோக்காரப் பய லேட்டா வந்தான்."

குற்றம் சாட்டப்பட்டவள் ஒரு பழத்துக்குப் பதில் சொல்ல வந்தாள். சாட்சி அவள் கணக்கில் ஒரு கொத்தும் இளநீரும் சேர்த்துவிட்டுப் போனார். தண்டனையைக் கூட்டிக் கேட்ட சாட்சி விளையாட்டு உலகில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். நீக்கம் உறுதி. எல்லோருக்கும் டீ கொடுத்தார்கள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

தூங்கல. விடிஞ்சதும் போயிட்டேன் அவுக வீட்டுக்கு. உள்ள போகல. வாசல்ல நின்னுதான் கேட்டேன்.

"ஏன் மாமா பொய் சொன்னீக?"

"நீ ஏன் உண்மையச் சொன்ன?"

நாலு வருசம். நாலு வருசமா இருட்டுல எந்திரிச்சு, நாயிக்கு, லாரிக்கு, பேச்சுக்கு எல்லாத்துக்கும் வெலகி வெலகி ஓடி — எல்லாம் போச்சு, இவுக கௌரவத்துக்கு. அதைச் சொன்னேன். கத்தித்தான் சொன்னேன்.

"எம் பழத்தத் துப்புனேன்னு அத்தன பேரு முன்னாடிச் சொல்ற" என்றார்.

"மூணு பேருதான் மாமா."

"மூணு பேருக்குத் தெரிஞ்சா முப்பது ஊருக்குத் தெரியும். எச்சியாத் துப்பிட்டு வந்திருக்க, எஞ்சீர."

அத்தை தண்ணீர் கொண்டுவந்தார். வாங்காமல் வந்துவிட்டேன். எங்கள் வீட்டு நடையிலேயே உட்கார்ந்து அழுதேன், கோபத்தில். வேறு எதிலும் இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

பிளெக்ஸை இன்னும் எடுக்கவில்லை. தினமும் அதைத் தாண்டித்தான் ஓடுகிறேன். நான் இருக்கும் மூலையில் வெயில் விழுகிறது, முகம் வெளுத்துவிட்டது. பேரவை உறுப்பினர்கள் புளியமர நிழலில் நிறம் குன்றாமல் சிரிக்கிறார்கள்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

மாமா கோயிலில் எதிர்ப்பக்க வரிசை. பூசையில் ஒருவருக்கொருவர் கை கூப்பிச் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் இருவரும் தத்தம் பக்கத்து ஆட்களுக்கு இரண்டு முறை கை கூப்பினோம்.

திராட்சைக் கூடை வரவில்லை. "இந்த வருசம் காய்ப்புச் சரியில்லையாம்" என்றார் அம்மா, சுவரைப் பார்த்து. பந்தல் சாயும் அளவுக்குக் காய்த்துத் தொங்குவதை ஓடும்போது நான் பார்த்திருக்கிறேன்.

வாங்கித் தின்ன மாட்டேன். யாரிடமும்.

ஜூன் 11, புதன்

ஆகஸ்ட் 24 அன்று இன்னொரு தகுதிப் பந்தயம். அதே வழி. ஜஸ்டின்தான் பார்த்துச் சொன்னார். "ஓடுறியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் என் ஷூவுக்கு அளவு பார்க்க ஆரம்பித்தார்.

ஓடுவேன். கோபம் வீணாகக் கிடக்கிறது.

ஜூலை 29, செவ்வாய்

ஆடிக் காற்று. கூடலூர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினால் யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கிறது. டீக்கடைக்காரர்: "காத்துல எதுக்குக் கெடந்து அல்லாடுறீக? பஸ் வருதுல்ல."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கார்த்திக்ராஜ் போனில்: "மேடம், உங்க மாமா ரெண்டு தடவ வந்தாக."

"எதுக்கு?"

"அத நீங்க அவுககிட்டயே கேளுங்க."

கேட்கவில்லை. திரும்பவும் பேண்டு செட் என்றால் இந்தத் தடவை நிற்க மாட்டேன். கிழவர் என்றும் பார்க்க மாட்டேன். இதை எழுதிவைப்பது, அன்றைக்கு மனசு மாறக்கூடாது என்பதற்காக.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஒன்பது மணி ஐம்பத்தாறு நிமிடம். பெயர் போகிறது. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

போகும்போது விலக்கு காலியாக இருந்தது. பிளெக்ஸ் இல்லை. கூடலூர் வரை காற்றோடு மல்லுக்கட்டித் திரும்பி, கால் இரண்டும் என்னுடையவை அல்ல என்று ஆன பிறகு விலக்குக்கு வந்தேன். அங்கே மேசை. பந்தயக்காரர்கள் போட்ட மேசை, அவர்கள் கொடி, ரோட்டில் சுண்ணாம்புக் கோடு. மேசைக்குப் பின்னால், வேட்டிக்கு மேல் ஆரஞ்சு நிற ஜாக்கெட், கழுத்தில் அடையாள அட்டை — மாமா.

நாக்கு ஒட்டிக்கிடந்தது. கோட்டுக்கு முன்பே கையை நீட்டினேன். அவர் தம்ளரைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"கோட்டத் தாண்டி மேசகிட்ட வந்து எடுக்கணும்."

வந்தேன்.

"நம்பர் சொல்லுங்க."

சொல்லுங்க. பிறந்ததிலிருந்து அவர் வாயில் நான் ஆத்தாதான்.

"நாப்பத்தேழு."

"நாப்பத்தேழு" என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார். குறித்துக்கொண்டாள். மாமா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். எதையும் நீட்டவில்லை, எடுத்துக்கொள் என்று சொல்லவுமில்லை. தண்ணீர் குடித்தேன். வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பன்னீர் திராட்சை கழுவி வைத்திருந்தது. ஓடுகிறவர்களுக்கு விதை உள்ள பழம் வைக்கக்கூடாது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லையா, சொல்லித் தலையாட்டினாரா, தெரியவில்லை. ஒருவரும் அதைத் தொட்டிருக்கவில்லை.

ஒன்றை எடுத்தேன்.

அவர் ரோட்டின் அந்தப் பக்கம் எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒன்றும் இல்லை.

விதையோடு விழுங்கினேன். பிறகு, அவர் திரும்பியதும், கேட்காமலேயே, வாயைத் திறந்து காட்டிவிட்டு ஓடினேன்.