அண்ணன் போனுக்குப் போன ஓடிபி

செவ்வாய்க்கிழமை, இரவு

கூட்டுக் கிணற்று மோட்டாரை நானும் அண்ணனும் போனில் ஒரு ஆப் வைத்துத்தான் போடுகிறோம். ஒயர் திருடர்களுக்குப் பயந்து, காரிமங்கலத்திலிருந்து ஆள் கூட்டிவந்து ஸ்டார்ட்டர் பெட்டியை வெல்டு வைத்து மூடியதும் நாங்களே. இன்று அந்த ஆப் என்னை வெளியே தள்ளிவிட்டு ஓடிபி கேட்டது. மூத்தவன் என்று அண்ணன் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். இங்கே என் தக்காளி வாடிக் கிடக்கிறது.

எங்கள் இரண்டு பேர் நிலத்துக்கும் நடுவிலுள்ள வரப்பில் வந்த சண்டைக்குப் பிறகு முதல்முறையாக அவன் வாசலில் போய் நின்றேன்.

"அண்ணா, ஒரு நம்பர் வந்திருக்கும். சொல்லு."

"வரப்பைப் பழையபடி வெட்டுடா. அப்பறம் சொல்றன்."

போனை என் முகத்துக்கு நேரே ஆட்டினான். அதைப் பிடுங்கி, துணி துவைக்கிற கல்லில் அடித்தேன். என் வாயில் குத்தினான். அவன் கழுத்தை நெரித்தேன். அண்ணி ஓடிவந்து பிரித்திருக்காவிட்டால் விட்டிருக்க மாட்டேன்.

நேரே கிணற்றுக்குப் போய்க் கடப்பாரையால் பெட்டியைப் பிளந்தேன். பச்சைப் பொத்தானை அமுக்கியதும் தண்ணீர் கொட்டியது.

ஆனால் பெட்டி திறந்து கிடக்கிறது. இனி யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். அதனால் கிணற்று மேட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கடப்பாரை மடியில் இருக்கிறது. வரப்பில் ஒரு டார்ச் வெளிச்சம் வருகிறது.