நெஞ்சை விட்டுப் பிடி

துணிப்பையின் சுருக்குக் கயிற்றைத் தளர்த்தியதும் அந்த வாடை வந்தது. வெயிலில் காய்ந்த பருத்தி, கொஞ்சம் எச்சம், கொஞ்சம் இறகு. இன்று காலை தாடிக்கொம்புக் கண்மாய்க் கரையில், வலையில் விழுந்து இந்தப் பைக்குள் இருக்கும் பறவைக்கு நான் பொறுப்பு. நீ போன பிறகு இதுதான் முதல் தடவை. பைக்குள் கை விடவே பயமாக இருந்தது.

நாம் இருவரும் ஒன்றாகத்தான் இதைக் கற்றுக்கொண்டோம். நாகல் நகரிலிருந்து என் வண்டியில் விடியும் முன்பே கிளம்பி, சித்தையன்கோட்டை வயலோர முகாமுக்குப் போவோம். மெல்லிய வலை கட்டி, விழுந்த குருவியை அலுங்காமல் எடுத்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்க விட வேண்டும். எங்கே போகிறது, மறு வருடம் திரும்புகிறதா என்று அப்போதுதான் தெரியும். ஒருநாள் பூப்பறிக்க வந்த ஓர் அம்மா நின்று பார்த்துவிட்டு, "காடை எம்புட்டுத்தா?" என்றார்.

"விக்கிறதுக்கு இல்லத்தா. வளையம் போட்டு விட்டுருவோம்," என்றாய்.

"விடுறதுக்கா இம்புட்டுப் பாடு?"

நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கையிலிருந்த கதிர்க்குருவி வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது. பறந்துவிடுமோ என்று இறுக்கியிருந்தேன். "நெஞ்சுல இருந்து வெரலை எடுடி. நெஞ்சு அசைஞ்சாத்தான் அதுக்கு மூச்சு," என்றாய். வளையம் மாட்டாமலே விடச் சொன்னாய். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று முணுமுணுத்தேன். "வாய்க்கா? நீயும் கறிக் கட்சிதானா? வளையம் நமக்குத்தாண்டி வேணும், அதுக்கு வேணாம்."

மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை. உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். யாரைக் கேட்டு நான் இதையெல்லாம் செய்வது?

இன்று வந்ததும் கதிர்க்குருவிதான். இந்தக் கரைக்கு இந்தப் பனிக்காலத்தில் முதலில் வந்தது. இரண்டு விரலுக்கு நடுவே கழுத்து, நெஞ்சில் எதுவும் படவில்லை; சரியாகத்தான் பிடித்திருந்தேன். வளையத்தை இடுக்கியில் எடுக்கும்போது வாயைப் பிளந்தது. கண் மூடியது. "மாட்டிருங்கக்கா, ஒரு செகண்டுதான்," என்றாள் புதிதாகச் சேர்ந்த பெண். இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, நிழலுக்குப் போய்க் கையை விரித்தேன்.

அது அசையவில்லை. உன் பெயரை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அந்தப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். செத்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு நெஞ்சு ஏறி இறங்கியது. தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தது. சட்டென்று எழும்பி நாணலுக்குள் போய்விட்டது.

"போச்சேக்கா," என்றாள் அவள். ஆமாம், போயிற்று.

அதற்குள் அடுத்த வலையிலிருந்து கூப்பிட்டார்கள். பயப்படாதே என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. "பயந்துக்க. இறுக்காத," என்பாய், அவ்வளவுதான். பயந்துகொண்டேதான் போனேன், விரல்களைத் தளர்த்திக்கொண்டு.